பெயர் மட்டும் இல்லாத அறிக்கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பல்லாவரத்தில் தோல் பட்டறைகள் இருக்கும் ஒரு சந்தில் நடந்தது இது. அப்போது நான் எம்.ஏ. சமூகவியல் முதல் வருடம். அதற்கு முன் மூன்று வருடம் வேதியியல் படித்தவள்.

வேதியியலை விட்டதற்கு எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் ரகளையே நடந்தது. “மார்க் வராதவங்க படிக்கிறதை நீ ஏன் படிக்கணும்?” என்று கேட்ட அப்பா, அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கரையில் குடியிருப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் ஆசை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் திமிர் எனக்குள்ளும் இருந்தது. சக மாணவர்கள் கட்டுரையில் ‘சிலர் கூறினர்’, ‘பலர் கருதினர்’ என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிலர் என்றால் எத்தனை பேர்? எந்த ஊர்? எந்த நேரம்? எங்கள் ஆய்வகத்தில் லேபிள் இல்லாத பாட்டிலை அப்படியே கொட்டிவிடுவோம்.

களப்பணிக்காக எனக்கு அந்தச் சந்து கிடைத்தது. பட்டறைகளில் வேலை செய்யும் பத்துப் பெண்களிடம் பேசி அறிக்கை எழுத வேண்டும். ஒன்பது பேர் “நல்லாத்தான் கீறோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்தாவது அக்காதான் உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, மனம் விட்டுப் பேசினார். கையுறை கேட்டால் சூப்பர்வைசர் திட்டுவதை, தோலுக்குப் பூசும் மருந்து பட்டுப் பட்டு இடது கையில் ஆறாமல் இருக்கும் புண்ணை, ஒன்றையும் மறைக்கவில்லை.

“நான் சொன்னேன்னு தெரிஞ்சா பேஜாராயிடும் பாப்பா. எம் பேரு வராதில்ல?”

“சத்தியமா வராதுக்கா” என்றேன்.

பெயர் வரவில்லை. ‘பதிலளித்தவர் எண் 10’ என்று போட்டேன். கீழே, பழகின கை சும்மா இருக்குமா? வயது நாற்பத்து நான்கு, அடிபம்புக்கு எதிரே மூன்றாவது வீடு, மெருகேற்றும் பிரிவில் பதினொரு வருடம், இடது கையில் புண், பேசிய நாள், மணி எல்லாம் எழுதினேன். ஏரியில் தண்ணீர் பிடித்த இடத்தைக் குறிப்பது மாதிரியே குறித்தேன். அதைப் படித்த பேராசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, “சயின்ஸ் ஸ்டூடண்ட் எழுதினா இப்படித்தான் இருக்கும்” என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் தாம்பரத்தில் துறை சார்பில் ஒரு கூட்டம். பட்டறை முதலாளிகளையும் சூப்பர்வைசர்களையும் அழைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் என் அறிக்கையின் பிரதியை நானே வாசலில் நின்று, சிரித்த முகமாகக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து, அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்று பெருமையோடு போனேன். காலை பதினொரு மணி. பட்டறையில் இருக்க வேண்டியவர் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

“சூப்பர்வைசரு எல்லார் முன்னாடியும் படிச்சாரு பாப்பா. பம்புக்கு எதுத்தாப்ல மூணாவது வூடு, பதினோரு வருசம்னு. படிச்சிட்டு என் கையைத்தான் பாத்தாரு. மறுநாள்லேர்ந்து வராதன்னுட்டாங்க.”

“பேர் போடலையேக்கா” என்று உளறினேன்.

“பேரு மட்டுந்தான் போடல. மத்தபடி என்னை அப்டியே புட்டு வெச்சிட்டியே.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரலை உயர்த்தவே இல்லை. நேராகப் பட்டறைக்கு ஓடினேன். “யாரையும் அனுப்பலம்மா, ஆர்டர் கம்மி” என்று சூப்பர்வைசர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். பேராசிரியரிடம் போய் அழுதேன். “ஃபீல்டுல இதெல்லாம் நடக்கும். அடுத்த தடவை கவனமா இரு” என்றார். அச்சுக்குப் போகும் முன் வரிக்கு வரி படித்துப் பாராட்டியவர் அவர்தான் என்பதை அவருக்கு நினைவுபடுத்தும் தைரியம் எனக்கு இல்லை.

மறுபடி அக்காவிடம் போனபோது அவர் வாசலிலேயே நிறுத்தினார். “இனிமே இந்தப் பக்கம் வராத கண்ணு. நீ வந்து வந்து நின்னா மத்தவங்க பொழப்பும் போயிடும்.” அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவர் வேறு வேலைக்குப் போனாரா, கை ஆறியதா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அந்த அறிக்கைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்த அதே அப்பா, உறவுக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, “எந்தப் படிப்பா இருந்தாலும் எம் பொண்ணு ஃபர்ஸ்ட்டு” என்று சொன்னார். நானும் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது கேளம்பாக்கத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அந்த வேலைக்கான நேர்காணலில் என்னிடம் அவர்கள் விசாரித்ததெல்லாம் அந்த ஓர் அறிக்கையைப் பற்றித்தான், நானும் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அதன் சிறப்பை விளக்கித்தான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.