தூங்கிப்போன கடலைக்காய்

விதைக் கடையைத் தேடி வருகிறவர்கள் முளைக்காததைச் சொல்லத்தான் வருவார்கள். முளைத்ததைச் சொல்ல யாரும் பஸ் ஏறி வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. நீங்களும் குறை கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்தவரானால், அதிலும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவரானால், என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

பல்லடத்தில் ஒரு விதைக் கடையில் தொண்ணூறுகளில் எட்டு வருஷம் இருந்தேன். படிப்பு எட்டாவது வரைக்கும். குறை கேட்கிற நேரம் போக, கிடங்கில் உட்கார்ந்து முளைப்பு எண்ணுவதுதான் எனக்கு வேலை. ஈர மணல் தட்டில் நூறு விதை ஊன்றி, பத்தாம் நாள் எத்தனை முளைத்தது என்று நோட்டில் எழுத வேண்டும். விதை எதிர்த்துப் பேசாது. அதனால் எனக்கு ஒத்துவந்த வேலை.

நூற்றுக்குப் பூஜ்யம்

ஒரு கார்த்திகைக் கடைசியில், காங்கேயம் பக்கத்து விவசாயி பொன்னுசாமி என்பவர் இருபத்திரண்டு மூட்டை கொடிக்கடலைக்காய், அதாவது தரையில் படரும் நிலக்கடலை, கொண்டுவந்து இறக்கினார். மூன்று பருப்புக் காயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, பதினொரு வருஷமாக விதைத்துப் பெருக்கிய விதை. இருபது மூட்டை கடைக்கு. இரண்டு மூட்டை ஆடியில் அவரே விதைக்க. எங்கள் கிடங்கில் எலி இல்லை என்று அதையும் இங்கேயே வைத்துவிட்டார். வீட்டில் ஒரு படிகூட மிச்சமில்லை.

எங்கள் கடைக்கு அதுவரை வந்ததெல்லாம் குத்துக்கடலை. மழை பட்டால் செடியிலேயே முளைத்துவிடும் அவசரக்கார ஜாதி. இந்தக் கொடிக்கடலையில் நூறு ஊன்றினேன். பத்தாம் நாள் ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். பூஜ்யத்தை இரண்டு தடவை எண்ண அதிக நேரம் ஆகாது. முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். தட்டை எட்டிப் பார்த்தார். "தை பத்தாந்தேதி இருவத்திரெண்டு மூட்டையும் ஏத்த எண்ணெய் மில்லு லாரிய வரச் சொல்லிப்போடறேன். செத்த கடலைக்கு எதுக்குங்கக்கா தினமும் தண்ணி ஊத்தறீங்க?" என்றார்.

மூன்றாவது கட்டம்

செத்த விதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அமுக்கினால் கூழாகும், நாறும். நூறையும் தோண்டி எடுத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். நான்கு கூழ். தொண்ணூற்றாறு உப்பி, கெட்டியாக, ஒரு நாற்றமும் இல்லாமல் இருந்தன. நோட்டில் இரண்டே கட்டம்தான்: முளைத்தது, முளைக்காதது. நான் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் கட்டி, 'தூங்குவது: 96' என்று எழுதினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

எங்கள் மூட்டை தூக்கும் ஆறுமுகம் தினம் மத்தியானம் சாப்பிட்டதும் கடலை மூட்டை மேலேயே ஒரு மணி நேரம் படுப்பவர். நோட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "முதலாளி என்னைத் திட்டினா இதைக் காட்டிப்போடுங்கக்கா. நான் சோம்பேறி இல்லீங்க, மூணாவது கட்டம்."

கணக்கில் ஏழு குறைவு

இரண்டாவது தட்டு ஊன்றினேன். பத்தாம் நாள் கணக்கு: முளைத்தது பூஜ்யம், அழுகியது மூன்று, தூங்குவது தொண்ணூறு. கூட்டினால் தொண்ணூற்று மூன்றுதான். மூன்று தடவை கூட்டினேன். மணலில் விரல் போன மாதிரி ஏழு குழி. முதலாளியின் மேஜைமேல் ஈரமான சிவப்புத் தோல். வேறு வழியில்லாமல் நாலாவது கட்டம் கட்டி, 'முதலாளி தின்றது: 7' என்று எழுதினேன். நூறு சரியாக வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை பொன்னுசாமி வந்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டார். எனக்கு மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை. "கசந்துச்சுங்களா?" என்று முதலாளியைக் கேட்டார். "இல்லீங்களே, இனிப்பாத்தான் இருந்துச்சு." "செத்தது இனிக்குமுங்களா?" முதலாளி மேஜையைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னார்: "இனிச்சா நான் திங்கலாமுங்க, வாங்கறவன் வெதைக்க முடியுமுங்களா? உங்க ரெண்டு மூட்டைய வெச்சுட்டு நீங்களும் என்ன பண்ணப் போறீங்க? லாரி லாரிதானுங்க."

எழுப்பும் வைத்தியம்

கடலை தூங்குகிறது என்ற செய்தி பரவி, வந்தவர்கள் எல்லாம் வைத்தியம் சொன்னார்கள். ஆறுமுகம் தட்டுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து, வேளாண்மைச் செய்தி வரும்போது சத்தத்தைக் கூட்டினார். பொன்னுசாமியோ செருப்பை வாசலில் விட்டு, குழந்தை தூங்குகிற வீட்டுக்குள் வருகிறவர் போல வந்து, குசுகுசுவென்றுதான் பேசுவார். கார்த்திகையில் பிடுங்கினால் ஆடியில்தான் விதைப்பாராம். நடுவில் யாரும் ஊன்றிப் பார்த்ததில்லையாம். "பதினொரு வருசமுங்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அவரைக்காய் விதை வாங்க வந்த சத்தியமங்கலத்து அம்மா ஒருத்தர் எல்லாவற்றையும் நின்று கேட்டார். ரேடியோவைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஊட்டுக்காரரு மார்கழி பொறந்தா கம்பளிக்குள்ள போயிருவாருங்க. கத்தினாலும் எந்திரிக்க மாட்டாரு, தண்ணி தெளிச்சாலும் எந்திரிக்க மாட்டாரு. வெயில் ஏறிக் கட்டிலு சுட்டாத்தானுங்க காப்பி கேப்பாரு!"

அடை

அவர் போன பிறகு எனக்கு அந்தச் சூடு விஷயம் மனசில் நின்றுவிட்டது. அந்த மார்கழியில் வெயிலே இல்லை. காலை பத்து மணிக்கும் பனி. ஆனால் கிடங்குக்குப் பின்னால் மரகதம் என்பவரின் கோழிப்பண்ணை இருந்தது. குஞ்சுகளுக்காகத் தகரத் தடுப்புக்குள் பல்பு எரியவிட்டு இரவும் பகலும் சூடாக வைத்திருப்பார். கேட்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் வேலி வரை போனேன். இரண்டாம் நாள் போய், முட்டை இருக்கிறதா என்று கேட்டு, தேவையில்லாத ஆறு முட்டை வாங்கி வந்தேன். மூன்றாம் நாள்தான் சொன்னேன்.

ஒரு துணிப்பையில் இரண்டு படி காய் போட்டு, பல்புக்குக் கீழே ஏழு நாள் வைத்தோம். குஞ்சுகளுக்கு அது மெத்தை ஆகிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் பையின் மேல் பதினொன்று, பதினான்கு என்று ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும். மரகதம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "முட்டையை அடை வெச்சுப் பாத்திருக்கறேனுங்க. கடலைக்காய அடை வெக்கிறவங்கள இப்பத்தான் பாக்கறேன். பொரிஞ்சா என்ன வருமுங்க?"

தை பத்து

அந்தக் காயை உடைத்து மூன்றாவது தட்டு ஊன்றினேன். அதன் பத்தாம் நாளும் லாரி வரும் நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தட்டை ஈரச் சாக்கால் மூடி, தினமும் சாக்கின் மேலேயே தண்ணீர் தெளிப்பேன்; பத்தாம் நாளுக்கு முன்னால் தூக்கிப் பார்ப்பதில்லை. காலையில் கிடங்கைத் திறந்து சாக்கைத் தூக்கினேன். மணல் முழுக்க வெடித்து, பச்சைத் தலைகள். உட்கார்ந்து எண்ணினேன். முளைத்தது தொண்ணூற்று ஒன்று, தூங்குவது ஆறு, அழுகியது மூன்று. தின்றது இல்லை. மறுபடி எண்ணி முடிப்பதற்குள் வெளியே பதினான்கு மூட்டை லாரியில் ஏறிவிட்டது.

வாசலுக்கு ஓடி "ஏனுங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான்கு தடவை சொன்னேன். முதலாளி உள்ளே டெலிபோனில் கத்திக்கொண்டிருந்தார். ஆறுமுகம் பதினைந்தாவது மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொன்னுசாமி லாரிக்குப் பின்னால், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியாக ஒரு தடவை விதையைப் பார்க்க வந்திருந்தார். எனக்குக் குரல் வராது என்று தெரிந்துபோயிற்று. தட்டைத் தூக்கிக்கொண்டு போய், லாரிக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் கதவைத் திறந்தார். கடைவீதி முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு. அவர் கத்த வேண்டுமே என்று நான் கும்பிடாத சாமி இல்லை. "ஏனுங்க மொதலாளி! என் சீட்டுல யாரோ காடு ஓட்டி வெதைச்சுப் போட்டிருக்காங்க, நான் எங்கீங்க உக்கார்றது?"

இறங்கிய மூட்டைகள்

முதலாளி ஓடிவந்து தட்டைப் பார்த்தார். அவரும் விரல் வைத்து எண்ணினார். அவருக்குத் தொண்ணூறு வந்தது, நான் திருத்தினேன். மூட்டைகளை இறக்கச் சொன்னார். மாசிக் கடைசியில் பல்பும் குஞ்சும் இல்லாமலே மீதிக் காய் தானாக விழித்து, நூற்றுக்கு எண்பத்தெட்டு முளைத்தது தனிக்கதை.

பொன்னுசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக் கதவுக்கு வந்தார். மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, மணல் தட்டைச் சீட்டிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நூறுக்கான தட்டு வெளியே போகக்கூடாது என்பது என் விதி. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அவர் காங்கேயம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதை மடியில வெச்சுட்டுப் போறனுங்க அம்மணி. கண்டக்டரு தொண்ணூத்தியொரு டிக்கெட்டு கேட்டாலும் வாங்கிக்கறேன்."

மார்கழியில் எழுந்திருக்காததை எல்லாம் செத்ததாக எழுதிக்கொண்டிருந்தால், தை மாசம் எங்கள் கடைக்கு வேலைக்கு வர நான் ஒருத்திதான் மிஞ்சியிருப்பேன்.