முத்துப்பாண்டியின் ஜெனரேட்டர்

காமயகவுண்டன்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் முத்துப்பாண்டி, டீசலோ கரண்டோ இல்லாமல் ஓடும் ஜெனரேட்டர் ஒன்றைச் செய்திருந்தான். சக்கரத்தைக் கிளப்பிவிடத்தான் பேட்டரி, பிறகு தானாக ஓடும் என்பான். சோதிக்க வந்த மூன்று குழுக்களும் அவனோடு சண்டை போட்டுத் திரும்பின. திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குக் கொடி கட்டி அவனை ஐ.டி.ஐ. படிக்கவைத்த அக்கா மகாலட்சுமிக்கு, நாலாவது குழுவுக்குக் காபி போடும்போதே அலுத்துவிட்டது.

“ஓடுறப்ப பேட்டரி வயரைக் கழட்டுங்க தம்பி,” என்றார் அந்தக் குழுவோடு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர்.

“கழட்டுனா மெசினோட சீவன் போயிரும் சார்.”

“அப்ப சீவன் பேட்டரியிலதான இருக்கு?”

“என் டிசைனைத் திருடத்தான வந்திருக்கீக!” என்று முத்துப்பாண்டி கத்தினான். முந்தைய மூன்று தடவையும் சண்டை இப்படித்தான் தொடங்கியது. மகாலட்சுமிக்கும் உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது. அவளே போய் வயரைப் பிடுங்கினாள்.

“ஏக்கா!”

கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். சக்கரம் தளர்ந்து தளர்ந்து, நாலு நிமிடம் பத்து வினாடியில் நின்றது. தம்பி தலைநிமிரவில்லை.

“நின்னுருச்சுன்னு எழுதிக்கங்க சார்,” என்றாள் மகாலட்சுமி. “ஏமாத்துக்காரன்னு மட்டும் எழுதிராதீக. அவனும் நம்பித்தான் செஞ்சான்.”