ஷேர் ஆட்டோவில் கேட்ட என் மெட்டு

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளவுஸ் என்றொருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தபால்காரர். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நான் கிட்டாரைத் தோளில் மாட்டிப் படியிறங்கினால் அவர் வீட்டுக் கதவு இரண்டு விரல்கடை திறக்கும். வந்த புதிதில் ஒருநாள் கதவை முழுதாகத் திறந்து, "வோஃபோன் லேபன் ஸீ?" என்றார். எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்கிறார் என நினைத்து, "இரண்டாவது மாடி" என்றேன். அவர் முகம் இறுகியது. மறுபடியும் அதையே கேட்டார். நானும் மறுபடியும் மாடியைக் காட்டினேன். எதை வைத்துப் பிழைக்கிறீர்கள் என்பதுதான் அந்தக் கேள்வி என்று மொழி வகுப்பில் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் பிழைப்பைச் சொல்ல மறுக்கும் ஆள் ஆகியிருந்தேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளம் இல்லாத பாட்டுக்காரனை எந்த ஊரும் ஒரு கண் வைத்தே பார்க்கிறது. ஜெர்மனியில் விசா அலுவலகத்தில் நான் கலைஞன்தான் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். மதுரையில் என் அக்கா ஆறு வருடமாக, "அது சரிடா, வேலைன்னு என்ன பாக்குற?" என்கிறாள். முன்பு மதுரையில் நான் வாடகைக்கு அறை தேடியபோது கேள்வி வேறாக இருந்தது. ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம் என்றதும், "அங்கன எந்தத் தெரு?" என்பார்கள். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். அந்தக் கேள்வி தெருவைப் பற்றியது அல்ல என்பது எனக்கு மொழி வகுப்பு இல்லாமலே தெரியும்.

பிழைப்பு என்றால், கடைத்தெருவில் வாசிக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித் தருகிறேன். ஆனால் என்னைத் தாங்கிப் பிடிப்பது ஒரே ஒரு மெட்டு. வார்த்தை கிடையாது, வெறும் ஹம்மிங். நான்கு வருடத்துக்கு முன் என் பெயரில் இணையத்தில் ஏற்றினேன். ஓர் ஆவணப்படத்தில் அதைச் சேர்த்தார்கள். அதைக் கேட்டுத்தான் அழைப்புகள் வருகின்றன. வரும் கோடையில் ஓர் இசைவிழாவில் அதை வாசிக்க வேண்டும். என் விசா நீட்டிப்புக்கு அந்த அழைப்புக் கடிதம்தான் கையிலிருக்கும் வலுவான காகிதம்.

இந்தத் தை மாதம் ஊருக்கு வந்திருந்தபோது சிம்மக்கல்லில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஸ்பீக்கரில் என் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. தவிலும் கீபோர்டும் சேர்த்து, தாய்மாமன் சீர் கொண்டு வருவதைப் பற்றி வார்த்தை போட்டிருந்தார்கள்.

"அண்ணே, இது யாரு பாட்டு?"

"காதுகுத்துப் பாட்டுண்ணே. நம்ம செல்வம் ட்ரூப்பு. எந்த விசேசத்துக்குப் போனாலும் இதான் ஓடுது" என்றார் ஓட்டுநர்.

செல்வம் என் நண்பன். ஜெர்மனி போவதற்கு முன் ஐந்து வருடம் ஒரே கச்சேரிக் குழுவில் இருந்தோம். அவன் கீபோர்டு, நான் கிட்டார். சிம்மக்கல்லில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே அறை எடுத்திருந்தோம். மூட்டை இறக்கும் நேரத்தில் சன்னலை அடைத்துவிட்டுத் தும்மிக்கொண்டே பயிற்சி செய்வோம். எனக்கு வீடு கிடைக்காத நாட்களில் அவன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை.

அந்தச் செல்வத்தைத்தான் மூன்று நாள் வேவு பார்த்தேன். ஊருக்கு வந்ததை அவனிடம் சொல்லவில்லை. அவனுடைய குழுவின் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய வாட்ஸப் செய்திகளைத் திரும்பப் படித்தேன். 'அங்க அந்தப் பாட்டு நல்லாப் போகுதா மாப்ள' என்று போன வருடம் கேட்டிருந்தான். அன்று அன்பாகத் தெரிந்தது, இப்போது நோட்டம் விட்டதாகப் பட்டது. நான்காம் நாள் காலை அதே மண்டி மேலிருந்த அறைக்குப் படியேறிப் போனேன்.

"எப்ப வந்த மாப்ள? ஒரு போன் கூட இல்ல" என்று எழுந்தான். நான் உட்காரவில்லை.

"என் மெட்ட எடுத்துக் காதுகுத்துப் பாட்டாக்கி வச்சிருக்க. ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் கம்ப்யூட்டரில் ஏதோ தேடினான். அதிகம் தேடவில்லை. ஒரு பழைய ஒலிப்பதிவு ஓடியது. மின்விசிறிச் சத்தம், கீழே லாரி ஹாரன், யாரோ தும்முகிறார்கள். பிறகு செல்வத்தின் குரல் அந்த மெட்டை முனகுகிறது. பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறான். அடுத்து என் குரல்: "டேய் மாப்ள, நல்லாருக்குடா. இன்னொருக்கா பாடு."

நான் உட்கார்ந்தேன். அந்த நாளே என் நினைவில் இல்லை. எங்கோ குளிரில், தனியறையில், அந்த மெட்டு எனக்குள்ளிருந்து பிறந்தது என்றுதான் சத்தியமாக நம்பியிருந்தேன். பேட்டிகளில் அப்படித்தான் சொல்லியும் இருந்தேன்.

"ஏன் இம்புட்டு நாளா சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? அங்க ஒனக்குச் சோறு போடுறது அதான்னு தெரியும்" என்றான். பதிவை நிறுத்திவிட்டு, "நான் திருடலன்னு என்னைக்காச்சும் ஒன்கிட்டயே காட்ட வேண்டி வரும்னும் தெரியும். அதான் பத்திரமா வச்சிருந்தேன்" என்றான்.

என்னை அடித்தது அந்த இரண்டாவது வாக்கியம். நான் மூன்று நாள் சந்தேகப்பட்டேன். அவன் நான்கு வருடம், நான் சந்தேகப்படுவேன் என்று காத்திருக்கிறான்.

அங்கேயே போனை எடுத்து, இணையத்தில் அந்த மெட்டுக்கு இசை அமைத்தவர் என்ற இடத்தில் அவன் பெயரைச் சேர்த்தேன். அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அங்க போயி எடுத்துற மாட்டியே?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் சிரிக்கவில்லை. இசைவிழாக்காரர்களுக்கும் நடந்ததை எழுதினேன். அவர்கள் அழைப்புக் கடிதத்தை ரத்து செய்தால் விசாவும் போகும் என்று தெரிந்தே அனுப்பினேன். ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் வந்தது: இருவர் பெயரையும் போடுகிறோம், மூன்றாவதாக வேறு யாரும் இல்லை என்று எழுத்தில் உறுதி தாருங்கள். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது, மண்டியில் மூட்டை இறக்கியவர்கள் பாடியதைக் கேட்டுச் செல்வம் முனகியிருப்பானோ என்று ஒரு கணம் தோன்றியது. அவனிடம் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் கொட்டாம்பட்டியில் ஒரு காதுகுத்து. "வாரியா மாப்ள, கிட்டாருக்கு ஆள் இல்ல" என்று செல்வம் கூப்பிட்டான். போனேன். மத்தியான வெயில், மண்டபம் நிறைய கூட்டம், பந்தி ஒருபக்கம் நடக்கிறது. என் அப்பா கூலிக்குப் போன வயல் அங்கிருந்து நடந்து போகிற தூரம். எங்கள் குடும்பம் ஊரைவிட்டு வந்து இருபது வருடமாகிவிட்டதால் ஒரு முகமும் என்னைத் தெரிந்த முகமாகப் பார்க்கவில்லை. செல்வம் மைக்கைப் பிடித்து, "ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் நம்ம ஸ்பெஷல் கெஸ்ட்!" என்று அறிவித்தான். கைதட்டினார்கள். அவன் கீபோர்டில் தொடங்க, நான் முதன்முறையாக அந்த மெட்டை வார்த்தைகளோடு பாடினேன். சீர்த் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு தாய்மாமன் வீட்டார் ஆடியபடி உள்ளே வந்தார்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சத்தமாகச் சொன்னார்: "ஜெர்மன்காரன் நம்ம தமிழ எம்புட்டுச் சுத்தமாப் பாடுறான் பாரு."