அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிய பொருள்

விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று எங்கள் வியன்னா ஐ.நா. கட்டடத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் விண்வெளிக் குழு கூடிப் பேசும். தரையிலிருந்து நூறு கிலோமீட்டர் என்பார் ஒருவர். எல்லையே எதற்கு என்பார் இன்னொருவர். ஒரே ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் முடிவு கிடையாது. குழுவின் விதி அது. பேச்சுக்கு எடுத்த பொருள் அடுத்த ஆண்டுக்குப் போகும். எல்லோரும் கேன்டீனுக்கு வருவார்கள். காபி ஊற்றுவது நான்.

ரோஸ்விதா அந்தக் குழுவின் குறிப்புகளை எழுதுபவள். 1995இல் அவளுக்கு முப்பத்துநாலு வயது. கணவன் வேறொருத்தியோடு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அலாய்ஸ் கூட்ட அறையின் மைக்குகளைப் பார்த்துக்கொள்பவர். அந்த ஏப்ரலில், பொருள் தள்ளிப்போன கையோடு, கசகசா வைத்துச் சுருட்டிய ஸ்ட்ரூடல் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

“ஒருமித்த கருத்து வரல, இஞ்சினியர் சார். அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்.”

“சரி, குறிப்புல எழுதிக்குங்க.”

ஸ்ட்ரூடலில் பாதியை அவள் தின்றாள்.

அந்த நாட்களில் கூட்ட அறையில் பேச்செல்லாம் அணுசக்தியில் ஓடும் செயற்கைக்கோள்களைப் பற்றியும், பூமத்திய ரேகைக்கு மேலே செயற்கைக்கோள் நிறுத்த ஏழை நாடுகளுக்கும் இடம் உண்டா என்பதைப் பற்றியும்தான். சில ஆண்டுகள் கழித்து, மேலிருந்து எடுத்த புயல் படங்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று வந்தது. அப்புறம் விண்வெளிக் குப்பை; உடைந்த துண்டுகளை யார் பொறுக்குவது. அது முடிவதற்குள், நிலவைத் தோண்டினால் மண் யாருக்குச் சொந்தம் என்று ஆரம்பித்தார்கள். நாடுகள் மட்டும் பேசிய அறையின் பின்வரிசையில் கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் விடும் செயற்கைக்கோள்களால் நட்சத்திரம் தெரியவில்லை என்று வானியலாளர்கள் முறையிட்டார்கள்.

அலாய்ஸின் மீசை நரைத்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் கேட்ட கேள்வி மாறவில்லை. பெருந்தொற்று ஆண்டில் கூட்டம் கணினித் திரையில் நடந்தபோது, ஒலிச் சோதனை என்ற பெயரில் கேட்டார். ஆறு மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்கள் காதில் விழுந்தது. யாரும் மொழிபெயர்க்கவில்லை.

போன ஏப்ரலில் அவர் தட்டை நகர்த்தவில்லை.

“இந்த மாசத்தோட எனக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை கிராட்ஸுக்குப் போறேன். தங்கச்சி வீட்டு மாடி காலியா இருக்கு. என் பொருளை வாபஸ் வாங்கிக்கறேன், ரோஸ்விதா. இருபத்தொன்பது வருஷம் உங்கள இம்சை பண்ணியாச்சு.”

ரோஸ்விதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“பட்டியல்ல ஏறின பொருளை எடுக்கணும்னாலும் எல்லாரும் சம்மதிக்கணும். விதி தெரியும்ல?”

“தெரியும்.”

“நான் சம்மதிக்கல.”

அலாய்ஸ் தன் காபியைப் பார்த்தார். “அப்போ அது பட்டியல்லயே இருக்கா?”

“இருக்கு. கேளுங்க.”

கேட்டார். குரல் பாதியில் நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

“ஆட்சேபம் இல்ல,” என்றாள். “என் வீட்டு மாடியும் காலியாத்தான் இருக்கு.”

நான் பால் நுரைக்கும் கருவியைத் தேவைக்கு மேல் ஓடவிட்டேன். நான் மூக்கை உறிஞ்சும் சத்தம் வெளியே கேட்காது.

கிராட்ஸ் ரயில் அவர் இல்லாமல் போனது. விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பது வருகிற ஏப்ரலில் மறுபடி வருகிறது.