வெறுங்கையோடு ஒரு காலை

யாராவது ‘சார்’ என்று கூப்பிட்டால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன். ஹைதராபாத்துக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. ஜீடிமெட்லாவில் நான் வேலை செய்யும் மருந்து கம்பெனியின் பேக்கிங் பகுதியில் என் பெயர் ‘அரவன்னா’. தமிழை இங்கே அரவம் என்பார்கள். மகளின் பள்ளியில் மட்டும்தான் நான் சார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனைப் பார்த்து ஒரு டீச்சர் எழுந்து நின்று, “ரண்டி சார், கூச்சோண்டி” என்று நாற்காலி காட்டுகிறார். நான் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன்.

மகள் கயல்விழிக்கு எட்டு வயது. ஆட்டிசம். பள்ளியில் சேர்த்தபோது அவளுக்குப் பேச்சு கிடையாது. வகுப்பில் சத்தம் கூடினால் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே அந்தப் பள்ளியில் சுனிதா மேடம் இருக்கிறார். முதல் நாளே அவர் கேட்டது, அவளுக்கு என்ன தெரியாது என்பதை அல்ல. என்ன பிடிக்கும் என்பதை. பபுள் ஷீட் என்றேன். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற, காற்றடைத்த அந்தக் கொப்புளத் தாளை ஒவ்வொன்றாக உடைப்பதென்றால் கயலுக்கு உலகமே வேண்டாம். கம்பெனிக் கழிவிலிருந்து ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் இரண்டு படங்களை அட்டையில் ஒட்டினார். முதலில் நாற்காலி, அடுத்து பபுள் ஷீட். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு துண்டு. அவ்வளவுதான் ஏற்பாடு.

இரண்டு மாதமாகியும் கயல் உட்காரவில்லை. தசரா விடுமுறை வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் இந்த வகுப்பில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்று பிரின்சிபால் மரியாதையாகவே சொன்னார். அன்றைக்கு எனக்குச் செல்வி ஞாபகம் வந்தாள். அறந்தாங்கியில் மூன்றாம் வகுப்பில் என்னோடு படித்தவள். விரல்களை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இருப்பாள். வாத்தியார் ஒருநாள் அவள் அப்பாவை வரச்சொல்லிக் கூட்டிப்போகச் சொன்னார். மறுநாள் அவள் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தது. செல்வி எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மேடம் என்னையும் மனைவி மலரையும் அழைத்திருந்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கூடவே உடைத்து முடித்த பபுள் ஷீட்டுகள் நாலைந்து தரையில் விழுந்தன.

“இதி ஏமிட்டி சார்?” இது என்ன என்று அவற்றைக் காட்டிக் கேட்டார் மேடம்.

கம்பெனியில் திருடியதாக நினைத்துவிட்டார் என்று பயந்துபோனேன். “வேஸ்ட்தான் மேடம். சூப்பர்வைசர்கிட்ட அடிகி தீசுக்குன்னானு” என்று கேட்டு வாங்கியதைத் தெலுங்கிலும் தமிழிலுமாகக் குழறினேன்.

மேடம் அதைக் கேட்கவில்லை. கயலுக்கு இதை எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தினமும் காலையில், பள்ளி கேட்டுக்கு வெளியே, என்றேன். கடைசிக் கொப்புளம் உடையும்வரை நின்று, தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவளை உள்ளே அனுப்புவேன்.

மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். “டெய்லியுமா குடுத்திய? ஒரு முழம் பூ வாங்கியாங்கன்னா மறந்துருவிய. இது மட்டும் மறக்கலயாக்கும்!”

மேடம் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். காலையிலேயே ஆசை தீர்ந்துவிட்டால், அதற்காக அவள் எதற்கு உட்கார வேண்டும்?

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூடக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். புருஷன் வீட்டுக்கு அக்கா கிளம்பும்போதெல்லாம் அம்மா அவள் கையில் ஏதாவது திணிப்பார். ஒன்றுமில்லாத நாளில் நாலு எலுமிச்சம்பழம். பெண்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எனக்குள் அப்படி ஊறியிருந்தது. அப்படிக் கொடுத்த கையே என் மகளின் இடத்தைப் பறிக்கப் பார்த்திருக்கிறது.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே கயல் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அடுத்த கையையும் பிரித்தாள். சட்டைப் பைக்குள் கை விட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பொதுவாக அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

ஆயா யாதம்மா வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். “நுவ்வு போ அன்னா, நேனு சூஸ்குண்டா.” நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்கிறாள். நான் போகவில்லை. மதில் ஓரமாக நின்றேன். அழுகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஓடிப்போய் ஒரு துண்டு கொடுத்துவிடலாமா என்று கால் துடித்தது. பிறகு அழுகை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் யாதம்மா கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் இன்னும் அங்கேயே நிற்பது அவளுக்கு ஆச்சரியம். “இங்கா இக்கடே உன்னாவா? கூச்சுந்தி அன்னா, கூச்சுந்தி!” உட்கார்ந்துவிட்டாளாம். மதிலைப் பிடித்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. உட்கார்ந்தாள், ஓடினாள், மறுபடி உட்கார்ந்தாள். தசராவுக்கு முன்னால் பிரின்சிபால் கூப்பிட்டு, கயல் இங்கேயே தொடரட்டும் என்றார். விடுமுறை முடிந்து சில வாரங்களில் ஒரு சாயங்காலம், வீட்டில் பானையைக் காட்டி “நீள்ளு” என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. தெலுங்கில் தண்ணீர். மலர் அழுதுகொண்டே டம்ளரை நீட்டி, “தண்ணின்னு சொல்லுடி தங்கம்” என்றாள். கயல் “நீள்ளு” என்று வாங்கிக் குடித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பெயர் அதுதான்.

பொங்கலுக்கு அறந்தாங்கி போனோம். பஸ் நிலையத்து டீக்கடையில் கயல் என் சட்டையை இழுத்தாள். “அண்ணே, பிள்ளைக்குக் கொஞ்சம் நீள்ளு குடுங்க” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்றார். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கயல் டம்ளரைக் காலி செய்து, இன்னும் வேண்டும் என்று நேராக அவரிடமே நீட்டினாள்.

“நீள்ளு” என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.