தெளிந்த தண்ணீர்

மலையென்றால் எனக்குப் பயம். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறெப்படி இருக்கும்? எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்க்க வேண்டியதென்று தென்னை மரத்தை விட்டால் ஒன்றுமில்லை. பிள்ளைகளெல்லாம் கரைசேர்ந்து, இனி நிம்மதியாக வாவிக் காற்று வாங்கலாம் என்று நான் இருந்தபோது, சபையார் என் கணவரைக் கூப்பிட்டு, அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருடம் ஊழியம் செய்யப் போவீர்களா என்று கேட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். எதிரே நாலு பேர் உட்கார்ந்திருந்தால் போதும், எந்த ஊருக்கும் போவார்.

எங்களுக்குத் தந்த வீடு சபைக் கோயிலை ஒட்டி, சற்று விலகிய மேட்டில் இருந்தது. எதிர்ச்சரிவில் தோட்டத்துச் சனங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள், லயங்களுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. மழை பெய்தால் அது ஒரு அடி முன்னால் வந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றும். படுக்கும்போது செருப்பை வாசலைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அவர் சிரிப்பார்.

"ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார், படு."

"அவர் பார்ப்பார். செருப்பைப் போட்டு ஓடுறது நான்தானே!"

போன புதிதில், கடைசி லயத்தில் இருந்த ஒரு பெண் எங்களுக்கு இடங்களைக் காட்டினாள். கொழுந்து பறிக்கிறவள், கைக்குழந்தைக்காரி. லயத்துக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிச் சொன்னாள்: "மீரியபெத்தயில மண்ணு சரிஞ்சதுலேருந்து எங்களுக்கு இந்தத் தண்ணிதாங்க சாட்சி. சேறா கலங்கி வந்துச்சுன்னா மலை சரியப் போகுதுன்னு அர்த்தம், புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எறங்கிருவோம்."

அன்றிரவு செருப்பை வாசலுக்கு இன்னும் கிட்ட நகர்த்தி வைத்தேன். என் கணவர் கேட்டதோ கலங்கல் தண்ணீர் என்ற ஒன்றை மட்டும்தான். ஐயோ, இந்தப் பிள்ளைகள் சேற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்களே என்று மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த மாதமே பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று வந்து இறங்கியது. அடியில் கல், மேலே கரி, அதற்கு மேலே மணல், வாயில் இரண்டு மடிப்புத் துணி. ஊற்றுக் குழாய் பீப்பாய்க்குள் போனது. கீழே பூட்டிய திருகுகுழாயில் பளிச்சென்று தண்ணீர் வந்தது. ஜெபம் பண்ணித் திறந்துவைத்தார். லயத்துச் சனங்கள் கைதட்டினார்கள். பிள்ளைகளின் வயிற்றுவலியும் உண்மையிலேயே குறைந்தது. ஊழியம் அவருக்கு, பீப்பாய்த் துணி கழுவுவது எனக்கு என்று ஆகிவிட்டது.

கார்த்திகை மழை பிடித்தது. நாட்கணக்கில் விடவில்லை. போனில் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. அது ஒவ்வொரு மழைக்கும் வருவதால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பெண் நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் புறப்பட்டாள்.

"இந்த மழையில போகத்தான் வேணுமா பிள்ளை?" என்றேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரி வருதேம்மா. பயமில்லீங்க."

எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மதியத்துக்குமேல் பீப்பாய் பொங்கி வழிவதாக லயத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். விடியற்காலையில்தானே துணியைக் கழுவினேன் என்று புறுபுறுத்துக்கொண்டு குடையோடு போனேன். அவரும் பின்னால் வந்து லயத்து வாசலில் ஆட்களோடு பேசிக்கொண்டு நின்றார். துணியை எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் மஞ்சளாக, களியாக மண் வழிந்தது. முன்பு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. இன்னொரு முறை அலசி மறுபடி விரிக்கப் போனவள், கீழே வாளியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தேன். அடி தெரிந்தது, அவ்வளவு தெளிவு. என் கை அப்படியே நின்றுவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் ஓடத்தான் தோன்றியது. மலைக்கு முதுகைக் காட்டி, பஸ் ரோட்டுக்கு. கால் வராததால் கத்தினேன்.

"இஞ்ச ஓடி வாங்க! இந்தத் துணியைப் பாருங்க!"

அவர் வந்து துணியைப் பார்த்தார், பிறகு வாளியைப் பார்த்தார். நாற்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. "நீ போய்க் கோயில் மணியை அடி," என்றார்.

விடாமல் அடித்தேன். கயிறு ஈரத்தில் வழுக்கியது. அங்கிருந்து பார்த்தால் லயத்து வாசலில் ஆட்கள் தலையை நீட்டுவதும், அவர் கையை ஆட்டுவதும் தெரிந்தது. யாரும் அசையவில்லை. "தண்ணி தெளிவாத்தான வருது ஐயா, எதுக்குப் போகணும்?" என்று கேட்டார்களாம். அவர் பீப்பாயைத் தோளால் முட்டித் தள்ளினார். அது உருண்டது. குழாய் வெறும் தரையில் சேறாகக் கொட்டியது.

அதன் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஓடி வந்தார்கள். கடைசி அறையில் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் குழந்தையைப் போர்வையோடு என் கணவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மணிச் சத்தம் கேட்டுக் கொழுந்து மலையிலிருந்த பெண்கள் சுற்றுப் பாதையால் கோயிலுக்கு வந்துசேர்ந்தார்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. எதிரே கடைசி லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

அழுகை ஓய்ந்தபோது ஒரு பெரியவர் கைகூப்பினார். "ஐயா இல்லேன்னா எங்க கதி என்னாகியிருக்கும்? ஜெபம் பண்ணுங்க ஐயா."

அவர் எழுந்தார். அந்த நன்றியை வாங்கிக்கொள்வாரோ என்று பயம். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம்.

"உங்களைக் காப்பாற்றினது நான் இல்ல," என்றார். "கலங்கல் காலையிலயே வந்திருக்கு. நான் வச்ச துணிதான் அதை உங்களுக்குக் காட்டாம மறைச்சது."

அந்தப் பெண் மடியில் கிடந்த குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காலையில அந்தத் தண்ணியப் பார்த்துட்டுத்தாங்க ஐயா, புள்ளைய உள்ள படுக்க வச்சிட்டுப் போனேன்."

அவள் திட்டியிருந்தால் அவர் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். பெஞ்சைக் கையால் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் கோயிலில் யாரும் ஜெபம் பண்ணவில்லை.