இடக்கையால் வாங்குதல்

என் பையிலிருந்து மூன்று கழுத்துகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே ஒடுங்கி, கீழே பருத்து, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்குப் போத்தல்களேதான். கற்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டோவில் ஏறினேன். என்னை நெடுநாளாகத் தெரிந்த சாரதி கண்ணாடி வழியாகப் பையைப் பார்த்தார்.

"எங்க நானா, காலையிலேயே?"

கடற்கரையோரம் இருக்கும் உல்லாச விடுதியைச் சொன்னேன்.

"போத்தலோட அங்கயா? அங்கயே விக்கிறாங்களே. இஞ்சருந்து வேற கொண்டு போகணுமா?"

ஒன்றை உருவி அவரிடம் கொடுத்தேன். கையில் நிறுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மூடி எங்கே என்று தேடினார். எறிந்து பிடிக்கிற கட்டை என்று விளக்கினேன். மூன்றையும் மாறி மாறி மேலே எறிந்து கீழே விழாமல் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிப்பவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து நான்கு நாளைக்குக் கூடுகிறார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"ஐம்பது வயசாகுது உங்களுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டோவை எடுத்தார்.

எங்கள் கரைக்கு வெளிநாட்டவர் வருவது காற்றுக்காக. பட்டத்தில் தொங்கியபடி கடலில் சறுக்குகிறவர்கள் அவர்கள். எறிந்து பிடிப்பவர்களுக்குக் காற்று ஆகாது. ஆகவே ஏற்பாட்டாளர்கள் ஒரு காற்று ஓய்ந்து மற்றக் காற்று தொடங்காத மாதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விடுதி காலியாக இருந்தது, மலிவாகவும் கிடைத்திருக்கும். நான் உள்ளே போனபோது உணவு மண்டபத்தின் சீமெந்துத் தரையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு அறுபது பேரளவில் எறிந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பிரதேச நிருபர். உப்பளம், மீன் விலை, மீனவர் வாடிகளில் தீ, வயலுக்குள் யானை என்று எழுதி வருகிறேன். இந்தப் பழக்கம் ஊரடங்கு மாதங்களில் தொற்றியது. வீட்டுப் பின்வளவில், கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தேசிக்காய் எறிந்து தொடங்கினேன். தேசிக்காய் நசுங்கியதும் காலுறைகளுக்குள் உப்பு நிரப்பிப் பந்து செய்தேன். எங்கள் பக்கத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. மழை தொடங்கியதும் பந்துகள் வியர்த்தன. ஒன்று மற்றதைவிடப் பாரமாகியது. அதன் பிறகுதான் கொழும்பிலிருந்த மச்சான் மூலம் கட்டைகளை எடுப்பித்தேன்.

பந்து, கட்டை எல்லாம் நன்றாகவே வந்தன. ஆனால் இத்தனை வருடமும் தனியாகத்தான் எறிந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு மூன்றாக ஆறு கட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதைக் கைபேசியில் பார்த்திருந்தேன். அது எனக்கு வேண்டும். கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தது அதற்காக மட்டும்தான். உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து எனக்கு எதிரே நிற்பது இன்னொரு தடவை நடக்கும் என்று நான் நம்பவில்லை.

எதிரே நின்றவர் மலேசியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். ஈப்போவில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. என்னைவிட நான்கைந்து வயது குறைவு. எதற்கும் 'ஆமா' என்றார். நான் 'ஓம்' என்றேன். நான் அடிக்கடி மந்திரம் சொல்வதாக முதலில் நினைத்துவிட்டதாகப் பிறகு ஒத்துக்கொண்டார்.

"கடைசி நாள் ஊர்க்காரங்களுக்கு ஷோ இருக்குண்ணே. நம்ம ரெண்டு பேர் பேரும் எழுதிட்டேன்," என்றார்.

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேணாம்னு சொல்வீங்க."

அது உண்மை.

முறை எளிது. நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தடவை வலக்கையிலிருக்கும் கட்டையை எதிரே நிற்பவருக்கு எறிய வேண்டும். நேரே போவதால் அது அவருடைய இடக்கைக்குப் போய்ச் சேரும். அதே கணத்தில் அவர் எறிவது என் இடக்கைக்கு வரும். மற்ற மூன்று எண்ணிக்கையும் தனியாக எறிவதுபோலத்தான். 

முதல் கட்டை அவரிடமிருந்து வந்தது. என் வலக்கை உடம்பைக் குறுக்கே வெட்டிப் போய் அதைப் பிடித்தது. வலக்கை பிடிக்க வேண்டிய என் கட்டை தரையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை இரண்டு கைகளும் ஒன்றாகப் போய், கட்டை நெஞ்சில் மோதியது. பத்துத் தடவைகளுக்குப் பிறகு அவர் எறிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க ரொம்ப மரியாதையா புடிக்கிறீங்க."

எனக்கு விளங்கவில்லை.

"ஒருத்தர் குடுத்தா சோத்துக் கையாலதான் வாங்கணும்னு வளத்திருக்காங்க இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சொல்லிக் குடுத்தவர் ஜெர்மன்காரர். என்னடா இந்தப் பொண்ணுக்குக் கோளாறுன்னு அவருக்குப் புரியவே இல்ல."

நான் யோசித்துப் பார்த்தேன். தனியாக எறியும்போது என் இடக்கை ஆயிரம் தடவை பிடிக்கிறது. அது என் வலக்கை தருவது. கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்தபடி ஒன்றை நீட்டினால், தேத்தண்ணியோ, கடிதமோ, பிளாஸ்டிக் கட்டையோ, இடக்கை பின்னால் போய்விடுகிறது. அதற்கு நான் உத்தரவு கொடுப்பதில்லை.

"அப்ப எப்படி மாத்தினீங்க?"

"ஒரு வாரம் எல்லாத்தையும் பீச்சக் கையால வாங்கினேன். மளிகைக் கடை அம்மா எங்கூட பேசுறதையே நிறுத்திட்டாங்க."

எனக்கு ஒரு வாரம் இல்லை. மூன்று நாள்தான் இருந்தது.

அன்று மாலையே பேக்கரியில் பாண் வாங்கப் போனேன். முதலாளி தாளில் சுற்றி நீட்டினார். இடக்கையை நீட்டினேன். அவர் பாணைத் தரவில்லை. கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"சோத்துக் கைக்கு என்ன நானா? சுளுக்கா?"

"ஓம், சுளுக்கு," என்றேன். நிருபராக இருந்து நான் சொன்ன பொய்களில் அது மிகச் சிறியது. அவர் உள்ளே திரும்பி ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லி, அதைச் சூடாக்கித் தேய்க்கும்படி சொல்லி, பாணைத் தானே என் கமக்கட்டுக்குள் வைத்துவிட்டார். என் இடக்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவி தேத்தண்ணியை நீட்டினாள். மறுபடி முயன்றேன். அவள் கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எந்தக் கையால வாங்குறீங்க?"

"பயிற்சி."

"தேத்தண்ணி வாங்கவும் பயிற்சியா? மகள்ட வாப்பா, உங்களுக்கு அங்க என்னத்தக் குடுக்கிறாங்க?"

எங்கள் மகள் பேராதனையில் படிக்கிறாள். வீட்டில் இல்லாதபோதும் அவளை வைத்துத்தான் நான் அழைக்கப்படுவேன். நடந்ததைச் சொன்னேன். மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "பின்வளவுக்கு வாங்க," என்றாள்.

ஆறு அடி தள்ளி நின்றாள். ஒரு கட்டையை மெதுவாக எறிந்தேன். இத்தனை வருடத்தில் அவள் அவற்றைத் தொட்டதில்லை. கூட்டும்போது காலால் தள்ளியிருக்கிறாள். கட்டை அவளுடைய இடப்பக்கம் போனது. இடக்கை போய், அதன் கழுத்தில் பிடித்து, நின்றது. இன்னொன்று எறிந்தேன். அதுவும் அப்படியே. ஐந்து தடவை எறிந்தேன்; ஐந்தையும் பிடித்தாள். 

"நான் பிறந்தது இடக்கைக்காரி," என்றாள். "தெரியாதா?"

இருபத்துநான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. செய்தி சேகரிப்பவன் என்று சொல்லிக்கொள்வதற்கு அன்று கூச்சமாக இருந்தது.

"குர்ஆன் ஓதப் போற வயசில உம்மா இந்தக் கையில சீலைத் துண்டு சுத்திக் கட்டி உடுவா. பொறகு அவிழ்க்க மறந்திடுவா. அப்படியே ஒரு வருசம். எழுதுறது, சாப்புடுறது எல்லாம் இந்தப் பக்கம் வந்திட்டு." கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு இடது கையக் கட்டினாங்க. உங்களுக்கு வலது கையக் கட்டுவோம்."

கொடியில் காய்ந்த துவாயை எடுத்து வந்து என் வலக்கை மணிக்கட்டில் சுற்றி, இடுப்புப் பட்டியோடு சேர்த்து முடிந்தாள். இறுக்கமாகவே முடிந்தாள். பிறகு தள்ளி நின்று, எழுதிப் பழகிய அந்த வலக்கையால் என் இடக்கைக்கு எறிந்தாள். என் வலத்தோள் துள்ளியது, கை வரவில்லை. கட்டை விழுந்தது. மறுபடி எறிந்தாள். இருபது, முப்பது தடவைகளுக்குப் பிறகு தோள் துள்ளுவது குறைந்தது. இடக்கை தானே முன்னால் போகத் தொடங்கியது.

"பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால பாக்கிறா," என்றேன்.

"பாக்கட்டும். புருஷனக் கட்டிப் போட்டு அடிக்கிறன் எண்டு நினைப்பா. ஊருக்குள்ள எனக்கும் ஒரு பேர் வரட்டும்."

அடுத்த இரண்டு மாலையும் அஸர் தொழுகைக்குப் பிறகு கட்டி, எறிந்தோம். பகலில் மண்டபத்தில் மலேசியக்காரியோடு கட்டாமல் எறிந்தேன். இரண்டாம் நாள் ஆறு கட்டைகளும் ஒரு சுற்று விழாமல் வந்தன. மூன்றாம் நாள் ஐந்து சுற்று. அதற்கு மேல் போனால், ஏதோ நினைவு வந்ததுபோல வலக்கை பாய்ந்துவிடும். இதற்கிடையில் பத்திரிகையிலிருந்து அழைத்து, "எத்தனை நாடு? படம் இருக்கா?" என்று கேட்டார்கள். மூன்று பந்தி எழுதி அனுப்பினேன். அதில் நான் இல்லை. இரண்டு பந்தியாகப் போட்டார்கள்.

கடைசி நாள் நான்கு மணிக்கு ஊரார் வந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் போதாமல் பின்னால் நின்றார்கள். மீன்பிடிக் குடும்பங்கள், விடுதிச் சமையலறை ஆட்கள், தலவிலப் பக்கமிருந்து ஒரு வான் நிறையப் பெண்கள். ஓட்டோக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மனைவி மூன்றாவது வரிசையில், பக்கத்து வீட்டு ராத்தாவோடு. யப்பான்காரர் ஒருவர் ஏழு பந்துகளை எறிந்து பிடித்துவிட்டு, வெட்கப்பட்டவர்போல உள்ளே போனார். அடுத்து நாங்கள்.

மூன்றாவது சுற்றில் வலக்கை குறுக்கே பாய்ந்துவிட்டது. இரண்டு கட்டைகள் ஒன்றோடொன்று மோதி, ஒன்று முன்வரிசைக் கதிரைக்கு அடியில் உருண்டது. அங்கிருந்த வயதான பெண் குனிந்து எடுத்து நீட்டினார். வலக்கையால் வாங்கிக்கொண்டேன். அது வேறு வாங்கல்.

பின்னாலிருந்து ஓட்டோக்காரர், "பரவாயில்ல நானா, இன்னொருக்கா எறிங்க. நாங்க சும்மாதான் இரிக்கிறோம்," என்றார்.

மறுபடி தொடங்கினோம். மூன்று சுற்று. நான்கு. நான் எண்ணுவதை மலேசியக்காரி என் உதட்டில் பார்த்திருக்க வேண்டும்.

"பப்பாளிய இங்க என்னமோ சொல்வீங்களேண்ணே?" என்றார், எறிந்தபடியே, மண்டபம் முழுக்கக் கேட்கும் குரலில்.

"பப்பாசி."

"பப்பாசியா?"

"ஓம், பப்பாசி."

சனம் சிரித்தது. என் கண் கட்டைகளின் மேலே இருந்தது, காது அவரிடம் இருந்தது, கைகளை யாரும் கவனிக்கவில்லை. அவர் இன்னும் இரண்டு சாமான்களின் பெயர் கேட்டார். நான் பதில் சொன்னேன். இடக்கை திறந்து திறந்து மூடியது. எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவர் தலையசைத்தார், நிறுத்தினோம். ஆளுக்கு மூன்று கட்டை கையில் இருந்தது. தரையில் ஒன்றும் இல்லை.

கைதட்டல் நன்றாகவே இருந்தது. யப்பான்காரருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. அது நியாயம்.

ஆறு மணிக்கு வான்கள் வந்து அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போயின. மலேசியக்காரி போகும்போது, வேறோர் ஊர்க் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றேன். இரண்டு பேருக்கும் விமானச் சீட்டின் விலை தெரியும். மண்டபத்தில் மேசைகளைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு மனைவியோடு ஓட்டோவில் ஏறினேன். 

பள்ளிவாசல் சந்தி தாண்டியதும், "இருபத்தாறு," என்றாள்.

"என்ன இருபத்தாறு?"

"இரண்டாந்தரம் மாத்தினது. நீங்க பப்பாசிக் கதையில இருந்தீங்க. நான் எண்ணினன்."

மறுநாள் அஸருக்குப் பிறகு பின்வளவுக்குப் போனேன். கூட்டம் முடிந்துவிட்டது, பழையபடி தனியாக எறிவதற்குத்தான் போனேன். அவள் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு வந்து, பழைய இடத்தில் நின்றாள். என்னிடம் மூன்று கட்டைகள்தான். இரண்டு பேருக்கு மூன்று போதும், ஆறு பிறகு பார்க்கலாம் என்றாள். துவாயை எடுக்கவில்லை.

அன்று நான்கு தடவை மாற்றினோம். இந்தக் கிழமை பதினெட்டு வரை வந்திருக்கிறது. பெரும்பாலும் விடுவது நான்தான். அவள் எறியும் கட்டை ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில், ஒரே சுழற்சியில் வருகிறது.

"மகள் லீவுக்கு வாறா," என்றாள் நேற்று, அடுத்த கட்டையை எறிவதற்கு முன்னால். "அதுக்குள்ள ஐம்பது. போன்ல சொல்லி வைக்காதீங்க."